கார்த் திருட்டுத் தடுப்புக் கருவிகளும் காப்பீடும்

இந்தியாவில் புனேயிலுள்ள வாகன ஆய்வு நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியைக் காரில் பொருத்தியிருந்தால் காப்பீட்டுப் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி உண்டு. உச்சவரம்பு 500 ரூபாய். பழைய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த அளவு இது. 2007 முதல் சொந்தச் சேதப் பிரிவின் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆன பிறகும் பல பாலிசிகளில் இதே கணக்குதான் ஓடுகிறது. தள்ளுபடி மொத்தத் தொகைக்கு அல்ல, சொந்தச் சேதப் பிரிவின் பிரீமியத்துக்கு மட்டுமே. அந்தப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் குறைவது 300 ரூபாய். 20,000 ரூபாயைத் தொட்டதும் 500-ல் நின்றுவிடும். அதற்குமேல் பிரீமியம் எவ்வளவு உயர்ந்தாலும் தள்ளுபடி உயராது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அலாரமோ டிராக்கரோ வாங்கிப் பொருத்துபவருக்கு இந்தத் தொகை ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கூலிக்குக்கூடக் காணாது.

எனவே தள்ளுபடியை நம்பிக் கருவி வாங்கினால் கணக்கு உதைக்கும். கருவியால் காப்பீட்டில் கிடைக்கும் பெரிய ஆதாயம் வேறு. கார் திருடுபோகாதவரை திருட்டுக் கிளெய்மால் நோ கிளெய்ம் போனஸ் கைவிட்டுப் போகாது. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறைகிறது. மேலே சொன்ன 12,000 ரூபாய்க் கணக்கில் அது 6,000. திருட்டுக் கிளெய்ம் எழுந்தால் அந்தப் போனஸ் போய், மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். காரே போய்விட்டாலும், உரிமையாளர் தம் பங்குக்குக் காரைப் பாதுகாத்தார் என்பதற்குக் கருவி ஒரு சான்றாக நிற்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் கொள்ளவேண்டியவை இவ்விரண்டே.

இம்மொபிலைசர்

திருட்டுத் தடுப்புக் கருவிகளில் பயன் ஐயமற நிரூபிக்கப்பட்டது இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதிக்குள் பாட்டரி தேவைப்படாத சிறு சிப் இருக்கும். சாவியை நுழைத்ததும், அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் குறைந்த அதிர்வெண் அலையை அனுப்பி அந்தச் சிப்பை எழுப்பும். சிப் தன் குறியீட்டைச் சொல்லும். எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி அதை ஏற்றால்தான் எரிபொருளும் தீப்பொறியும் எஞ்சினுக்குப் போகும். கதவை உடைத்து உள்ளே வந்தாலும், பழைய காலத்துத் திருடர்களைப்போல ஒயர்களை உருவி முட்டவைத்தாலும் எஞ்சின் உயிர்பெறாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1995-ல் பிறப்பித்த விதியின்படி 1998 அக்டோபர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று. ஆஸ்திரேலியா 2001-லும் கனடா 2007-லும் அதே வழிக்கு வந்தன. நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் யான் வான் ஔர்ஸ், பென் வோலார்ட் இருவரும் 1995-க்கும் 2008-க்கும் இடையில் இம்மொபிலைசரால் கார்த் திருட்டு சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைந்தது என்று கணக்கிட்டனர். சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு சிப்புக்கு இது பெரிய வெற்றிதான்.

அந்தச் சிப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அண்மையில் பார்த்தது. அங்கே இம்மொபிலைசர் கட்டாயம் இல்லை. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் வண்டிகளில் 96 சதவீதத்துக்கு இது அடிப்படை வசதியாகவே வந்தது. ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 சதவீதத்துக்குத்தான் வந்தது. சாவியைத் திருகி ஓட்டும் அந்த மாடல்களை எளிதில் கிளப்பும் வழியைக் காட்டும் வீடியோக்கள் 2021 வாக்கில் சமூக ஊடகங்களில் பரவின. நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. 2023-ல் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரெசிவ் ஆகிய பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில நகரங்களில் இந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தருவதையே நிறுத்தின. ஹூண்டாயும் கியாவும் ஏறத்தாழ 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவித்தன. அலாரம் ஒலிக்கும் நேரமும் 30 நொடியிலிருந்து ஒரு நிமிடமாக நீட்டப்பட்டது. கருவி இருந்தால் தள்ளுபடி சில நூறு ரூபாய். கருவி இல்லாமற்போனால் பாலிசியே கிடைக்காத நிலைகூட வரும்.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் அரசுக் காப்பீட்டு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. வின்னிபெக் நகரில் அதிகம் திருடுபோகும் மாடல்களுக்குத் தானே செலவு செய்து இம்மொபிலைசர் பொருத்தித் தந்தது. 2007 முதல் அத்தகைய வண்டிகளுக்கு அதைக் கட்டாயமும் ஆக்கியது. சில ஆண்டுகளில் அங்கே திருட்டு மளமளவெனச் சரிந்தது. தள்ளுபடி என்ற ஆசைகாட்டலைவிட நேரடியாகப் பொருத்திக் கொடுப்பதே மலிவு என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் கண்டுகொண்டது அரிய நிகழ்வு.

இன்று இந்தியாவில் விற்கும் பெரும்பாலான புதிய கார்களில் இம்மொபிலைசர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஆனால் திருடரும் சும்மா இருக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே வொர்க்‌ஷாப் கணினியை இணைக்கும் ஓ.பி.டி. துளை வழியே புதிய சாவியைப் பதிவு செய்துகொள்ளும் கருவிகள் அவர்கள் கைக்கும் வந்துவிட்டன. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கீலெஸ் கார்களில், வீட்டுக்குள் மேசைமேல் கிடக்கும் சாவியின் அலையைப் பிடித்து வெளியே நிற்கும் காருக்கு நீட்டிக் கொடுக்கும் ரிலே உத்தி உண்டு. பின்னதற்கு மருந்து மலிவானது: அலையைத் தடுக்கும் உலோக இழைப் பைக்குள் சாவியைப் போட்டுவைப்பது. முன்னதற்கு, ஓ.பி.டி. துளைக்குப் பூட்டுள்ள மூடி போடலாம். அதைவிடப் பயனுள்ளது, கணினிக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டாவது தடை ஒன்றை வைப்பது. அதற்குத்தான் பழைய இரும்புப் பூட்டுகள்.

பூட்டும் மறைவு ஸ்விட்சும்

கியர் லாக், ஸ்டீயரிங் ராட், கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துக் கட்டும் பெடல் லாக், சக்கரத்தைப் பிடிக்கும் கிளாம்ப் ஆகியவை தொழில்நுட்பத்தால் காலாவதியாகாதவை. இவை திருடனைத் தடுத்து நிறுத்துவதில்லை; அவனுடைய நேரத்தைத் தின்கின்றன. மூன்று நிமிட வேலை பத்து நிமிடமானால் அவன் பக்கத்து வண்டிக்குப் போவான். கண்ணாடி வழியே பார்த்தவுடன் பூட்டு தெரிவதும் ஒரு பாதுகாப்பு. ஸ்டீயரிங் ராடை மட்டும் நம்புவது போதாது, வளையத்தை அறுத்து அதைக் கழற்ற முடியும். கியர் தண்டை உடலோடு பிணைக்கும் பூட்டு அதைவிட உறுதியானது.

மறைவு ஸ்விட்ச் என்பது எரிபொருள் பம்பின் மின்சாரத்தை வெட்டும் ஒரு சிறு பொத்தான். வெளியே தெரியாத இடத்தில் வைக்கப்படும். செலவு மிகக் குறைவு, பயன் கணிசம். ஆனால் இதற்காகக் கம்பெனி ஒயரிங்கை வெட்டினால் உற்பத்தியாளரின் வாரண்டி பாதிக்கப்படலாம். ஒட்டு சரியில்லாமல் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்தால் அந்தக் கிளெய்மும் கேள்விக்குள்ளாகும். வெட்டாமல் கப்ளர் வழியே இணைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுப்பதே நல்லது.

அலாரம்

எல்லோருக்கும் தெரிந்த கருவி அலாரம். பயன் குறைந்ததும் அதுவே. கதவு திறப்பதை உணரும் ஸ்விட்ச், தட்டினால் விழிக்கும் அதிர்வு உணரி, காரின் உட்புறத்தில் அசைவைப் பார்க்கும் மீயொலி உணரி, காரைத் தூக்கினால் கத்தும் சாய்வு உணரி என்று அது பல உறுப்புகளைக் கொண்டது. அவற்றில் அதிர்வு உணரிதான் தொல்லை. தீபாவளிப் பட்டாசுக்கும், அருகில் போகும் லாரிக்கும், பூனை குதிப்பதற்கும் அது கத்தும். நாலு முறை பொய்யாகக் கத்திய அலாரம் ஐந்தாம் முறை உண்மையில் கத்தும்போது ஜன்னலைத் திறந்து பார்க்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது. கத்தல் பொறுக்காமல்தான் நியூயார்க் நகரம் கார் அலாரம் மூன்று நிமிடத்துக்குள் தானே அடங்க வேண்டும் என்று விதி போட்டது.

அலாரம் வாங்கியே தீருவது என்றால் உணரியின் கூர்மையைக் குறைக்கும் வசதி, கத்துவதோடு நில்லாமல் செல்பேசிக்கும் செய்தி அனுப்பும் வசதி, காரைத் தூக்கினால் எச்சரிக்கும் சாய்வு உணரி ஆகிய மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். டோ டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகும் திருட்டை அலாரத்தின் மற்ற உணரிகள் எளிதில் உணரா. கதவைச் சாத்திச் சில நொடிகளில் தானே விழிப்புக்குப் போகும் கருவியே மேல்; ரிமோட்டை அழுத்தினால்தான் வேலை செய்யும் கருவி, அழுத்த மறந்த நாளில் உதவாது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் தானியங்கிக் கருவிக்கே கூடுதல் தள்ளுபடி கொடுப்பதன் காரணம் இதுதான்.

டிராக்கர்

டிராக்கர் திருட்டைத் தடுப்பதில்லை, திருடுபோன காரைத் தேடித் தருகிறது. செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிந்து சிம் கார்டு மூலம் உரிமையாளரின் செல்பேசிக்கு அனுப்பும் கருவிகள் இந்தியச் சந்தையில் பல உள்ளன. 2019 மே மாதம் வென்யூ காரோடு ஹூண்டாய் இந்தியாவில் அறிமுகப்படுத்திய புளூலிங்க் போன்ற தொழிற்சாலை வசதிகள் இன்னும் ஒரு படி மேல்; திருடுபோன காரை மீண்டும் கிளப்ப முடியாதபடி தொலைவிலிருந்தே முடக்க அவற்றால் இயலும். இவற்றின் பலவீனமும் சிம் கார்டில்தான் இருக்கிறது. சிக்னல் தடுப்பான் வைத்திருக்கும் திருடனிடமும் நிலத்தடிக் கார் நிறுத்தத்திலும் இவை ஊமையாகிவிடும். சந்தா முடிந்த டிராக்கரும் அப்படியே. இலவச ஆண்டுகள் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவது பரவலாக நடப்பது.

அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய லோஜாக் வேறுவகை. காருக்குள் மறைத்துவைத்த ரேடியோ ஒலிபரப்பி, போலீஸ் வண்டிகளில் அதைக் கேட்கும் கருவி. எந்தக் காரில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் அது இல்லாத காரைத் தொடவும் திருடன் தயங்குகிறான். இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு அறிஞர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, இக்கருவியால் சமூகத்துக்கு வரும் நன்மையில் பத்தில் ஒரு பங்குகூட அதை வாங்கியவருக்குக் கிடைப்பதில்லை என்று காட்டியது. மீதி அக்கம்பக்கத்துக் கார்க்காரர்களுக்குப் போகிறது. காப்பீட்டுத் தள்ளுபடிகள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கின்றன என்பதற்கும் இதில் ஒரு விடை உண்டு. ஒரு நிறுவனம் தள்ளுபடி கொடுத்துப் பொருத்தவைக்கும் கருவியின் பலனைப் போட்டி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே அனுபவிக்கிறார்கள்.

கார் வழிப்பறி

சாவியின்றிக் காரைக் கிளப்புவது கடினமானதும் சில திருடர்கள் சாவி வைத்திருப்பவரையே நாடினார்கள். சிக்னலில் நிற்கும்போதும் வீட்டு வாசலில் கதவு திறக்கக் காத்திருக்கும்போதும் ஓட்டுநரை மிரட்டி இறக்கிவிட்டு ஓட்டிச்செல்லும் கார் வழிப்பறி, தென்னாப்பிரிக்காவில் அன்றாடப் பயம். அமெரிக்கா இதை 1992-ல் தனி மத்தியக் குற்றமாக்கியது. தென்னாப்பிரிக்காவில் 1998-ல், காரின் பக்கவாட்டிலிருந்து எரிவாயுத் தீயைப் பீய்ச்சும் ‘பிளாஸ்டர்’ என்ற கருவியே விற்பனைக்கு வந்தது. திருடனைவிட அந்தப் பக்கம் நடந்துபோகிறவருக்கே அதிக ஆபத்து தரும் கண்டுபிடிப்பு அது; சந்தையில் நிலைக்கவில்லை.

அறிவுள்ள வழிப்பறித் தடுப்புக் கருவி வேறு விதமாகச் சிந்திக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து மூடினால் உள்ளே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். உரிமையாளருக்கு மட்டும் தெரிந்த மறைவுப் பொத்தானை அழுத்தினால் அது நிற்கும். அழுத்தாவிட்டால் சற்று நேரம் கழித்து, திருடன் ஓட்டுநரை விட்டு விலகிய பிறகு, விளக்குகள் மின்னி சைரன் ஒலிக்கும். அதன்பின் வேகம் குறைந்திருக்கும் தருணம் பார்த்து எஞ்சின் அடங்கும். இந்தத் தாமதத்தில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. உடனே எஞ்சின் நின்றால் திருடன் ஆயுதத்தோடு ஓட்டுநரிடமே திரும்பி வருவான். நெடுஞ்சாலை வேகத்தில் நின்றாலோ பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் துணைவிசையும் கைவிட்டு, சாலையில் போகும் மற்றவர்கள் மேல் கார் பாயும். விலை குறைவென்று இந்த வேகக் கட்டுப்பாடு இல்லாத கருவியை வாங்கக் கூடாது. எந்தக் கருவி இருந்தாலும் மிரட்டப்படுபவர் சாவியைக் கொடுத்துவிட்டு விலகுவதே சரி. குழந்தை பின்னிருக்கையில் இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டுப் பார்வையில் வழிப்பறியும் திருட்டே. இந்தியச் சட்டத்தில் வழிப்பறி என்பது வன்முறையோடு கூடிய திருட்டு அல்லது மிரட்டிப் பறித்தல். திருட்டை ஈடுசெய்யும் பாலிசி இதையும் ஈடுசெய்யும். நம்பி ஒப்படைத்த ஓட்டுநரோ வாடகைக்கு எடுத்தவரோ காரோடு மறைந்துபோவது வேறு. அது நம்பிக்கை மோசடி என்று வாதிட்டு நிறுவனங்கள் மறுக்கப் பார்க்கும்.

தள்ளுபடியின் மறுபக்கம்

தள்ளுபடி பெறும் முறை எளிது. ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் உள்ள கருவியைப் பொருத்தி, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்பின் சான்றைப் பெற்றுக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்தால் பாலிசியில் ஐ.எம்.டி. 10 என்ற மேற்குறிப்பு சேரும். அந்தக் குறிப்பின் பிற்பகுதியை யாரும் படிப்பதில்லை. பாலிசி முடியும்வரை கருவியை எப்போதும் நன்கு இயங்கும் நிலையில் வைத்திருப்பதாக உரிமையாளர் அதில் ஒப்புக்கொள்கிறார். முந்நூறு ரூபாய்க்காகப் பெரிய வாக்குறுதி ஒன்று கொடுக்கப்படுகிறது. கருவி பழுதாகிக் கிடந்த நாளில் கார் போனால் இந்த வரியே நிறுவனத்தின் கையில் ஆயுதமாகும். தென்னாப்பிரிக்காவில் ஆபத்து மிகுந்த மாடல்களுக்கு டிராக்கர் இருப்பதைப் பாலிசியின் நிபந்தனையாகவே வைக்கிறார்கள். டிராக்கர் வேலை செய்யாவிட்டால் கிளெய்ம் கிடையாது.

இணையத்தில் பாலிசி எடுக்கும்போது ‘திருட்டுத் தடுப்புக் கருவி உண்டா’ என்ற கேள்விக்குப் போகிறபோக்கில் ‘ஆம்’ என்று குறியிடுவது ஆபத்தான பழக்கம். தொழிற்சாலை இம்மொபிலைசர் இருக்கிறதே என்று குறியிட்டாலும் சான்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. சான்று இல்லையென்றால் தள்ளுபடியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பின்னால் பொருத்திய விலையுயர்ந்த மின்னணுக் கருவிகளைத் தனியே பாலிசியில் சேர்க்க அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவிகளைவிட முக்கியமானது பாலிசியின் வகை. மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டில் ஒரு பைசா வராது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்புப் பாலிசி மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதப் பிரிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்து, பாலிசி இருக்கிறது என்ற நினைப்பிலேயே சிலர் ஓட்டுகிறார்கள். முழுப் பாலிசியிலும் கிடைப்பது காரின் வாங்கிய விலை அல்ல, ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டுவரை 15, அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு கூடி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிக்கப்படும். பிரீமியத்தைக் குறைக்க ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுபவர், திருட்டுக்குப் பின் தம் இழப்பீட்டைத் தாமே முன்கூட்டி வெட்டிக்கொள்கிறார். வாங்கிய விலையையே ஈடாகத் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ சேர்க்கையை முதல் மூன்று ஆண்டுகளுக்கு எடுப்பது, சந்தையில் உள்ள எந்த அலாரத்தையும்விட நல்ல செலவு. 

கார் காணாமற்போனால்

முதலில் 112-க்கு அழைத்து, அன்றே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஃபாஸ்டேக் கணக்கில் சுங்கச்சாவடி செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கார் போன திசையைக் காவல்துறைக்குச் சொல்லும் முதல் தடயமாக அது அமையலாம். எனவே எடுத்த எடுப்பில் ஃபாஸ்டேக்கை முடக்காமல் காவல்துறையிடம் கேட்டு முடக்குவது மேல். காரில் டிராக்கர் இருந்து இடம் தெரிந்தாலும் உரிமையாளர் தனியே போகக் கூடாது.

நிறுவனம் கேட்கும் முதல் பொருள் இரண்டு சாவிகளும். ஒரு சாவி குறைந்தால் காரிலேயே விட்டுவிட்டு இறங்கியிருப்பாரோ என்ற சந்தேகம் எழும். சாவி முன்பே தொலைந்திருந்தால் அன்றே புகார் பதிந்து, வொர்க்‌ஷாப்பில் பழைய சாவியை நீக்கிப் புதிதைப் பதிவு செய்த ரசீதை வைத்திருக்க வேண்டும். அடுத்தது ஆர்.சி., பாலிசி, கடன் இருந்தால் வங்கியின் கடிதம், கையெழுத்திட்ட 28, 29, 30-ஆம் எண் படிவங்கள். கடைசியாக, கார் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் இறுதி அறிக்கை. இதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கடன் தவணை நிற்காது.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்க முடியாது, எஃப்.ஐ.ஆர். உடனே பதிந்திருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020-ல் தீர்ப்பளித்தது. ஓட்டுநர் சாவியை லாரியிலேயே விட்டு வழி விசாரிக்க இறங்கிய வழக்கில், கவனக்குறைவு என்றாலும் முழுதாக மறுக்கக் கூடாது, 75 சதவீதம் தரவேண்டும் என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் மறுத்தால் அதன் குறைதீர் அலுவலரிடமும், பிறகு காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடமும் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு. எங்கே போனாலும் கருவி பொருத்திய ரசீது, சான்று, டிராக்கர் சந்தா புதுப்பித்த செய்தி ஆகியவை கையில் இருக்க வேண்டும். அவற்றைக் காரின் டாஷ்போர்டில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும்.